பரிசே இல்லாத முகாமுக்குப் போகலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து 53 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் அவர் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி பெங்களூரு வந்து 29 வருடங்கள் ஆகின்றன. கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே மகன் புனேயில் இருக்கிறான். இவர் வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார், சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறார். ஊரில் பக்கத்து வீட்டில் கூடவே வளர்ந்த தோழி ஒருவர் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் இருவரும் போனில் பேசிக்கொள்வார்களாம். மூன்று வருடங்களுக்கு முன் அந்தத் தோழி இறந்துபோனார். "அதுக்கப்புறம் ஆறரை மணி ஆச்சுன்னா என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியலை" என்று எழுதியிருக்கிறார். தூக்கம் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. கடைசியில் மகன் வற்புறுத்தியதால் மனநல மருத்துவரைப் பார்த்தார். 14 மாதங்களாக மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இப்போது பெரும்பாலான நாட்கள் பரவாயில்லை.

பிளவுஸ் தைக்கக் கொடுக்க வரும் ஒரு பெண் இவரை ஒரு முகாமுக்கு அழைத்திருக்கிறார். கனகபுரா சாலைப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் நான்கு நாள், மூன்று இரவு. பெண்கள் மட்டும், 20 பேர். காலையில் உடலசைவு, பகலில் ஓவியம், சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. போட்டி கிடையாது, மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து 17,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம் இவர் கையில் இருக்கிறது.

ஆனால் தயக்கம் நிறைய. எட்டாம் வகுப்பு ஓவியப் போட்டியில் இவர் வரைந்த குதிரையைப் பார்த்து ஆசிரியை "இது என்ன, கழுதையா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதோடு படம் வரைவதை விட்டுவிட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒரே டிராயிங் வாசல் கோலம்தான்." மூட்டு வலி வேறு. ஆங்கிலம் சரளமாக வராது. கணவர், "பரிசும் இல்ல, சர்டிபிகேட்டும் இல்ல, பதினேழாயிரம் கொடுத்து எதுக்கு?" என்கிறார். முகாமிலிருந்து போனில் பேசியவர் "இங்க வந்துட்டீங்கன்னா மாத்திரையெல்லாம் தேவைப்படாது" என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "53 வயசுல புதுசா ஒரு தோழி கிடைப்பாளா? கிடைச்சா, அது அவளுக்குப் பண்ற துரோகம் இல்லையா?"

அன்புள்ள சகோதரி,

போய் வாருங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகும் அதே எண்ணம்தான். ஆனால் கிளம்புவதற்கு முன் சரிசெய்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் ஒன்று தள்ளிப்போட முடியாதது.

மாத்திரையை நிறுத்த வேண்டாம்

போனில் பேசியவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனாலும் அது தவறான பேச்சு, ஆபத்தான பேச்சும்கூட. எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், படபடப்பு, தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் ஓர் உணர்வு, இவையெல்லாம் வரலாம். பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களிலேயே தொடங்கும். நீங்கள் கணக்குப் போட்டபடி ஒரு வாரம் முன்பு நிறுத்தினால், முகாமின் முதல் நாள் காலையில் கண்ணை மூடி மெதுவாகச் சுழலச் சொல்லும்போது உங்களுக்குத் தலைசுற்றல் இருக்கும். "எனக்கு இது ஒத்துக்கலை" என்று முடிவு செய்து திரும்பி வந்துவிடுவீர்கள். உண்மையில் ஒத்துக்கொள்ளாமல் போனது மாத்திரையை நிறுத்தியதுதான்.

இன்னொன்று. உங்களுக்கு இப்போது பரவாயில்லை என்று இருப்பதில் அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு. சுகமாகிவிட்டது, இனி எதற்கு என்று தோன்றுவது இயல்பு. அந்தக் கேள்வியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குறைக்கலாம் என்றால் அளவைப் படிப்படியாகக் குறைக்க அவரே ஒரு கணக்கு எழுதித் தருவார். அதை முகாமுக்கு முந்தைய வாரத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. முகாமைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிடுங்கள். நான்கு நாளுக்கான மாத்திரையோடு கூடுதலாக இரண்டு நாளுக்கும் எடுத்துக்கொண்டு, மருந்துச் சீட்டின் நகலையும் பையில் வையுங்கள்.

"சில நாள் எழுந்திருக்கவே தோணாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நேரடியாகவே கேட்கிறேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா? வந்தால் முகாம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கிடைக்காத நேரமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கழுதையும் குதிரையும்

உங்களைப் போல, வரைந்ததற்கோ பாடியதற்கோ ஒருமுறை சிரிப்பு வாங்கி, அதோடு கையை மடக்கிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் அந்த நாளின் வெயில், அன்று உடுத்தியிருந்த பாவாடை வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள். பதின்மூன்று வயதில் எல்லார் முன்னாலும் பட்ட அவமானம் அவ்வளவு ஆழமாக இறங்கும். அந்த ஆசிரியை ஒரு நிமிடத்தில் மறந்திருப்பார். அந்தப் பேச்சை நீங்கள் நாற்பது வருடமாகச் சுமக்கிறீர்கள்.

வரையத் தெரிந்தால்தான் வரைவதால் நன்மை என்று நினைக்கிறீர்கள். அமெரிக்காவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. 39 பேரிடம் மார்க்கர், களிமண், காகிதம், கத்தரி எல்லாம் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. கலை பழகியவர்கள், பழகாதவர்கள் என்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். மனச்சோர்வைக் குணப்படுத்தியதாக அது சொல்லவில்லை. ஆகவே மாத்திரைப் பேச்சுக்கு அதை யாரும் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. ஆனால் "எனக்குத் தெரியாது" என்ற உங்கள் பயத்துக்கு அது நல்ல பதில்.

கோலத்தை ஏன் ஒன்றுமில்லாததுபோல எழுதினீர்கள்? தினமும் காலையில் குனிந்து, புள்ளி வைத்து, இழையைச் சுழற்றி, காலை மாற்றி வைத்து நகர்ந்து நீங்கள் செய்வதில் ஓவியமும் இருக்கிறது, உடலசைவும் இருக்கிறது. யாரும் மார்க் போடுவதில்லை. சாயங்காலத்துக்குள் கால்பட்டு அழிந்துவிடும், மறுநாள் மறுபடி போடுவீர்கள். ஒரு நாள் இழை தவறினால் "நான் கோலம் போடத் தகுதியில்லாதவள்" என்று கோலப்பொடி டப்பாவைத் தூக்கிப் போட்டீர்களா? அங்கே தருகிற காகிதத்தையும் வாசலைப் போல நினைத்துக்கொண்டு தொடங்கிப் பாருங்கள். குதிரை வரைந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வரையத் தோன்றினால் அதுவும் சரி.

உங்கள் கணவரின் கேள்வி

"பரிசு இல்லாமல் எதற்கு?" என்பது நியாயமான சந்தேகம்தான். நம் வீடுகளில் பிள்ளைகளின் பாட்டு, நடனம், ஓவியம், ஸ்லோகம் எல்லாமே ஷெல்ஃபில் வைக்கும் கப்பில் போய்த்தான் முடிகின்றன. மார்கழிக் கோலத்துக்கே இப்போது போட்டி வைக்கிறோம்.

1973இல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. தானாகவே ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் நாடா வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மறுபடி வகுப்பில் வைத்தபோது, முன்பு சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே அவற்றைத் தொட்டார்கள். எதற்காக வரைகிறோம் என்பது மாறியதும், ஆசையும் வற்றத் தொடங்கிவிட்டது. பரிசு இல்லாத இடத்துக்குப் பணம் கட்டிப் போவது உங்கள் கணவருக்கு விசித்திரமாகத் தெரிகிறது. எனக்கு, அந்த முகாமில் நம்பத்தக்க முதல் விஷயமே அதுதான்.

ஆனால் போட்டி இல்லை என்று எழுதிவிட்டால் மட்டும் போட்டி போய்விடாது. பக்கத்தில் 26 வயதுப் பெண் ஒருத்தி காலைத் தலைக்கு மேலே தூக்கும்போது உங்கள் கண் உங்கள் முட்டியைப் பார்க்கும். வேறொருவர் நீலத்தில் வானம் தீட்டியிருப்பார், உங்கள் தாளில் சேறுபோல ஏதோ இருக்கும். யாராவது ஒருவரின் படத்துக்கு மட்டும் "சூப்பர்!" என்று ஐந்து பேர் சொன்னால், மற்ற பத்தொன்பது பேருக்கும் மார்க் போட்டாயிற்று. நன்றாக நடத்துபவர்கள் இதை அறிந்து, படங்களைப் பற்றி "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்று பேச விடமாட்டார்கள். அப்படி ஒரு வழக்கம் அங்கே இல்லாவிட்டால் நீங்களே தொடங்கி வையுங்கள். "அழகா இருக்கு" என்பதற்குப் பதிலாக "இந்த நீலம் எப்படி வந்தது?", "எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேளுங்கள். கேட்கப்பட்டவர் பேசத் தொடங்குவார். பேச்சு அங்கிருந்து பிடித்துக்கொள்ளும்.

உடலசைவு என்றால் நடனம் கற்றுத்தருவது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நடப்பது, மூச்சு விடுவது, கையை நீட்டுவது, இசைக்கு அசைவது, எதிரே இருப்பவர் செய்வதைக் கண்ணாடிபோலத் திருப்பிச் செய்வது, இப்படித்தான் இருக்கும். நம் ஊரில் கும்மி அடிக்கும்போது யார் நன்றாக அடித்தார்கள் என்று யாராவது பார்த்தோமா? கை ஒன்றாகத் தட்டுப்படும்போது முன்பின் தெரியாத மன்னியும் அத்தையும் சொந்தமாகிவிடுவார்கள். பிரேசிலில் பள்ளி மாணவர்களை வைத்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2015இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தாளத்தில் ஒன்றாக அசைந்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தியும் கூடியது, ஒருவர் மேல் ஒருவருக்கு நெருக்கமும் கூடியது. உங்கள் மூட்டுக்குத் தரையில் உட்கார்வது ஆகாது என்றால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். அதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். காய்கறிக் கடை அளவுக்குத்தான் கன்னடம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். 29 வருடம் பேரம் பேசிய கன்னடம் வட்டத்தில் பேசத் தாராளமாகப் போதும். பெங்களூரில் நாலு பெண்கள் சேர்ந்தால் நாலு மொழியும் கலந்துதானே பேசுகிறோம்!

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

போனில் மாத்திரை பற்றிப் பேசிய அந்த ஒரு வாக்கியத்தால்தான் எனக்கு இந்தப் பகுதியை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல முகாம் நடத்துபவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும்.

யார் நடத்துகிறார்கள்? ஓவியர் நடத்தும் ஓவிய முகாம் நல்ல விஷயம். ஆனால் "தெரபி", "சிகிச்சை", "ஹீலிங்" என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார்களானால், என்ன படித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். மாத்திரை தேவைப்படாது என்பது முகாம் நடத்துபவரின் கருத்தா, போன் எடுத்தவரின் வாய்த்தவறா என்றும் நேராகக் கேளுங்கள். நடத்துபவரே அப்படிச் சொன்னால் அந்த முகாமுக்குப் போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

தொடுவார்களா? அசைவுப் பயிற்சியில் தோளைத் தொட்டுத் திருத்துவது, இருவராகச் சேர்ந்து சாய்வது எல்லாம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்கால வட்டத்தில் பேசியே ஆக வேண்டுமா? இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் ஒருவர் அழத் தொடங்கினால் எல்லாருக்கும் கண் கலங்கும். அது நல்லதாகவும் முடியலாம், பாரமாகவும் முடியலாம். "மனசைத் திறந்து கொட்டிடுங்க" என்று யாராவது தூண்டும்போது, முன்பின் தெரியாத 19 பேர் முன்னால் உங்கள் தோழியின் சாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. உங்கள் மருத்துவர் நீங்கள் சொன்னதை ரகசியமாக வைக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படியே கடமைப்பட்டவர். வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படி எந்தச் சட்டக் கட்டுப்பாடும் இல்லை. அவர்கள் வாயைக் காப்பது அவர்கள் குணம்தான். "இன்னிக்கு நான் கேட்டுட்டு மட்டும் இருக்கேன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

போட்டோ, வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவார்களா? கையெழுத்து வாங்கும் படிவத்தில் அந்த வரி எங்காவது இருக்கும். படித்துப் பார்த்து, வேண்டாமென்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடித்த இடத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா? எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள், ரசீதும் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவை என்பதால் இது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். சொன்னதைத் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் கையில் எழுத்தாக ஒன்றும் இல்லையென்றால் அங்கே போய் என்ன காட்டுவீர்கள்? அப்புறம், அறையில் எத்தனை பேர், வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இதையெல்லாம் உங்கள் மூட்டுக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோழி

கடைசி வரியில் கேட்டதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

53 வயதில் தோழி கிடைப்பாளா? கிடைப்பாள். ஆனால் நான்கு நாளில் கிடைக்கமாட்டாள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்பவர், சமீபத்தில் வீடு மாறி புது ஆட்களைப் பழகத் தொடங்கியவர்களிடம் விசாரித்து 2018இல் ஒரு கணக்குச் சொன்னார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம் போல. நெருங்கிய நட்புக்கு 200க்கு மேல். வேலை நிமித்தம் கூட இருந்த நேரத்தைவிட, சும்மா சேர்ந்து பேசி, சாப்பிட்டு, சுற்றிய நேரம்தான் அதிகம் உதவுகிறதாம்.

இதை உங்கள் முகாமுக்குப் பொருத்திப் பார்த்தேன். நான்கு நாளில் தூங்கும் நேரம் போக, ஒருவரோடு ஒருவர் இருக்கும் நேரம் 40 மணிக்கு மேல் வராது. அதுவும் 20 பேருக்குப் பங்கு. ஆனால் நகரத்தில் அந்த 40 மணி நேரம் சேர எவ்வளவு நாளாகும் என்று யோசியுங்கள். இவ்வளவு வருடமாக அடுத்த ஃபிளாட் மாமியிடம் லிஃப்டில் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வருமா? முகாம் உங்களுக்குத் தரக்கூடியது அந்தத் தொடக்கம். அதற்குப் பிறகு வாரம் இரண்டு மணி நேரம் வைத்தால்கூட ஒரு வருடத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்துவிடும்.

அதனால் முகாம் முடியும் நாளன்று எல்லாரும் கட்டிப்பிடித்து, வாட்ஸ்அப் குழு தொடங்கி, "கண்டிப்பா மீட் பண்ணலாம்" என்று சொல்லும்போது அதை முழுதாக நம்பி வந்துவிடாதீர்கள். பத்து நாளில் அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் மிஞ்சும். உங்களுக்குப் பிடித்த ஒருவர் அல்லது இருவரிடம், பஸ் ஏறுவதற்கு முன்பே நாள் குறித்துவிடுங்கள். "அடுத்த ஞாயிறு காலை எட்டு மணி, கப்பன் பார்க், நான் ஃபிளாஸ்கில் காபி கொண்டு வருகிறேன்." இந்த மாதிரி. ஜனவரி என்றால் குமார கிருபா சாலையில் சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தை இருக்கிறது. இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. சாலை முழுக்க ஓவியங்கள், ஒரு நாள் போதாது. அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் தேசிய நவீன ஓவியக் காட்சியகம் இருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்து பேசவும் இடமுண்டு. அல்சூரிலேயே ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகத்துக்குப் போகிற வழியில்கூட யாராவது கிடைப்பார்கள்.

முகாமே வேண்டாம், 17,500 அதிகம் என்று கடைசியில் தோன்றினாலும் குற்றமில்லை. ஒரு கார்ட்ரிட்ஜ் நோட்டும் வாட்டர்கலர் டப்பாவும் வாங்கி, உங்களை அழைத்த அந்த வாடிக்கையாளப் பெண்ணையே மாதம் இரண்டு ஞாயிறு லால்பாகில் சந்தியுங்கள். மெதுவாகத்தான் நகரும், ஆனால் நகரும்.

துரோகம் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அன்று எல்லாரும் சிரித்தபோது, நீங்கள் கசக்கி எறிந்த அந்தக் குதிரைப் படத்தை அவர்தான் எடுத்து, நீவி, தன் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார் என்று. அப்படிப்பட்ட ஒரு பெண், நீங்கள் ஆறரை மணிக்கு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விரும்பியிருப்பாரா? அவரை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர் அவருக்கு மாற்று ஆள் ஆகமாட்டார், ஆகவும் முடியாது. நாற்பது வருடப் பேச்சை யாரும் திரும்பத் தர முடியாது. வருபவருக்கு அவரைப் பற்றி நீங்கள் சொல்லலாம். மூன்று வருடமாக யாரிடமும் அவர் பெயரைச் சொல்லிப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

வீட்டில்

உங்கள் கணவர் போகாதே என்று சொல்லவில்லை, எதற்கு என்றுதான் கேட்டிருக்கிறார். இரண்டும் வேறு. ஓய்வு பெற்ற ஆண்கள் பலருக்கு மனைவி நாலு நாள் இல்லாத வீடு பயமாக இருக்கும். அதைப் பணக் கணக்காகத்தான் சொல்லத் தெரியும். ஆகவே பணத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், "நீங்க நாலு நாள் எப்படி இருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மாவு அரைத்து ஃபிரிஜில் வைத்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் நான்கு நாளுக்கும் குழம்பு வைத்து, லேபிள் ஒட்டி, களைத்துப்போய்க் கிளம்ப வேண்டாம். தோசை வார்க்க அவருக்கும் கை இருக்கிறது. சீட்டுப் பணம் உங்கள் தையலில் வந்தது. அதைச் செலவு செய்ய அனுமதி கேட்க வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும். தெரிவிக்கும்போது இந்தக் கடிதத்தில் எனக்குச் சொன்ன ஆறரை மணி விஷயத்தை அவரிடமும் சொல்லுங்கள். 14 மாதமாக நீங்கள் மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்பது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

முகாமின் அட்டவணையை நகலெடுத்து அனுப்பியிருந்தீர்கள். சாயங்கால வட்டம் சரியாக ஆறரைக்குத் தொடங்குகிறது. முதல் நாள் போனதும் நடத்துபவரைத் தனியாகப் பார்த்து, பத்து நிமிடம் தாமதமாக வருவேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஒரு சின்ன அகல், திரி, கொஞ்சம் எண்ணெய் பையில் இருக்கட்டும். விளக்கை ஏற்றிவிட்டு வட்டத்துக்குப் போங்கள்.